யார் கதைக்கிறது? தொலைபேசி மோசடிகளின் ஒரு சிறு வரலாறு

போன் அடிக்குது. தெரியாத இலக்கம். ஆன்சர் பண்ணினால் மறுபக்கத்தில் ஒருவர், மிக மரியாதையாக, உங்களுக்கு ஒரு பரிசு விழுந்திருப்பதாகச் சொல்கிறார். அல்லது, வெளிநாட்டிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த பார்சல் ஒன்று சுங்கத்தில் நிற்கிறது, அதை எடுக்கக் கொஞ்சக் காசு கட்ட வேண்டும் என்கிறார். அல்லது, உங்கட வங்கிக் கணக்கில் ஏதோ பிழை, இப்ப போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொன்னால் சரி செய்து தரலாம் என்கிறார். இலங்கையில் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் இவற்றில் ஒன்றாவது பழக்கமாக இருக்கும்.

இப்படி யாராவது காசைப் பறிகொடுத்துவிட்டால் எங்கட சனம் முதலில் கேட்கிற கேள்வி, "இதைக்கூடவா நம்பினவை?" என்பதுதான். ஏமாந்தவர் வயதானவர் என்றால் "அம்மம்மாக்குப் போன் வாங்கிக் குடுத்தது பிழை" என்று முடித்துவிடுவார்கள். ஏமாற்றியவரைப் பற்றியோ, அவர் கையில் இருந்த கருவியைப் பற்றியோ அதிகம் கதைப்பதில்லை.

கேள்வியை மற்றப் பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம். மறுமுனையில் கதைக்கிற ஆள் உண்மையில் யார் என்று உறுதிப்படுத்துகிற வசதி தொலைபேசியில் எப்போதாவது இருந்திருக்கிறதா? ஏறத்தாழ நூற்றைம்பது வருட வரலாறு தருகிற பதில், பெரும்பாலும் "இல்லை" என்பதுதான். ஏன் இல்லை என்று தெரிந்தால், எங்களை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதும் தானாக விளங்கும்.

போனுக்கு முந்தின கதை

மோசடி போனோடு பிறந்ததல்ல. 1849இல் நியூயோர்க் நகரில் வில்லியம் தொம்சன் என்ற ஒருவன் பிடிபட்டான். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களோடு பழகினவன் போலக் கதைப்பான். கொஞ்ச நேரத்தில், "என்னில நம்பிக்கை இருந்தால் உங்கட மணிக்கூட்டை நாளைவரைக்கும் தருவீங்களா?" என்று கேட்பான். சிலர் கொடுத்தார்கள். மணிக்கூடு திரும்பி வரவில்லை. பத்திரிகைகள் அவனை "நம்பிக்கை மனிதன்" என்ற பொருளில் "கொன்ஃபிடன்ஸ் மான்" என்று எழுதின. ஆங்கிலத்தில் ஏமாற்றுக்காரனைக் குறிக்கிற "கொன்" என்ற சொல் அந்தச் சொல்லின் சுருக்கம்தான்.

அதே நூற்றாண்டில் "ஸ்பானியக் கைதி" என்ற கடித மோசடியும் பரவலாக இருந்தது. ஸ்பெயினில் ஒரு பணக்காரர் சிறையில் இருக்கிறார், அவரை வெளியில் எடுக்க இப்போது சிறு தொகை அனுப்பினால் பிறகு பெரிய பங்கு கிடைக்கும் என்று கடிதம் வரும். அனுப்பினால் அடுத்த கடிதத்தில் இன்னொரு செலவு வரும். இன்றைக்குச் சுங்கத்தில் நிற்கிற பார்சல் அந்தக் கைதியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். முதலில் சிறு தொகை, பிறகு இன்னொரு கட்டணம், பிறகு இன்னொன்று. கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. போன் வந்த பிறகு அந்தக் கதை ஓடுகிற வேகமும் தூரமும்தான் மாறின.

ஒபரேற்றர் இருந்த காலம்

அலெக்சாண்டர் கிரஹம் பெல்லுக்குத் தொலைபேசிக்கான காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச்சில். ஆரம்ப காலத்தில் நேரடியாக யாருக்கும் கோல் எடுக்க முடியாது. நடுவில் ஒரு ஒபரேற்றர் இருப்பார். அவரிடம் பெயரையோ இலக்கத்தையோ சொன்னால் அவர் வயரைச் செருகி இணைத்துவிடுவார். சின்ன ஊர்களில் ஒபரேற்றருக்கு எல்லாரின் குரலும் தெரியும். ஆகவே யார் யாருக்குக் கோல் எடுக்கிறார் என்று தெரிந்த ஒரு மனிதர் நடுவில் இருந்தார். இது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் அந்த மனிதரை நீங்கள் நம்ப வேண்டும்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் மலர்ச்சாலை நடத்தியவர் அல்மொன் ஸ்ட்ரோஜர். ஊரின் ஒபரேற்றர் தனக்கு வரவேண்டிய கோல்களைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாகக் கதை சொல்வார்கள். அந்த ஒபரேற்றர் போட்டிக்காரரின் மனைவிதான் என்றும் சொல்வதுண்டு. கதை எப்படியோ, விளைவு பதிவில் இருக்கிறது. ஒபரேற்றரே தேவைப்படாத தானியங்கி இணைப்பு முறைக்கு 1891இல் ஸ்ட்ரோஜர் காப்புரிமை எடுத்தார். அடுத்த வருடம் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் அப்படியான முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த முறை உலகம் முழுக்கப் பரவிப் பல பத்து வருடங்கள் ஓடியது.

ஒரு மனிதரில் இருந்த அவநம்பிக்கையால் இயந்திரம் வந்தது. இயந்திரம் லஞ்சம் வாங்காது, ஒட்டுக் கேட்காது. ஆனால் அதற்குக் குரல் தெரியாது, ஆளும் தெரியாது. சுழற்றின இலக்கத்துக்கு இணைப்பது மட்டும்தான் அதன் வேலை. அழைக்கிறவர் யார் என்று பார்க்கிற பொறுப்பு முழுக்க ஆன்சர் பண்ணுகிறவரின் தலையில் விழுந்தது.

ஒரு விசில் காட்டிய ஓட்டை

1957இல் அமெரிக்காவில் ஜோ எங்ரெசியா என்ற ஏழு வயதுச் சிறுவன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன், போனில் விசிலடித்தபோது இணைப்பு துண்டிக்கப்படுவதைக் கண்டுபிடித்தான். அவன் அடித்த சுருதி 2600 ஹேர்ட்ஸ். தூர அழைப்புகளைக் கட்டுப்படுத்தத் தொலைபேசி நிறுவனம் பாவித்த சமிக்ஞையும் அதே 2600 ஹேர்ட்ஸ்தான். மனிதக் குரல் போகிற அதே பாதையிலேயே இயந்திரங்களுக்கான கட்டளைகளும் போய்க்கொண்டிருந்தன. சத்தம் சரியாக இருந்தால் யார் கட்டளையிட்டாலும் இயந்திரம் கேட்கும்.

பின்னர் ஒரு காலையுணவுத் தானியப் பெட்டியில் இலவசமாகக் கிடைத்த விளையாட்டு விசிலும் அதே சுருதியை எழுப்புவது தெரியவந்தது. "நீலப் பெட்டி" என்ற கருவியைச் செய்து இளைஞர்கள் இலவசமாக உலகம் முழுக்கக் கோல் எடுத்தார்கள். 1970களின் ஆரம்பத்தில் ஸ்டீவ் வொஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜொப்ஸும், ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்க முன்னரே, அந்தப் பெட்டிகளைச் செய்து விற்றிருக்கிறார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கக் கட்டளைகளைத் தனிப் பாதையில் அனுப்புகிற முறை வந்தது. அதில் பிரதானமானது 1970களில் உருவாகி 1980இல் சர்வதேசத் தரமான "எஸ்.எஸ்.7". இன்றும் உலகின் பல வலையமைப்புகள் அதைப் பாவிக்கின்றன. அந்தக் காலத்தில் தொலைபேசி நடத்தியது அரசாங்கங்களும் ஒரு சில பெரிய நிறுவனங்களும்தான். எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே உள்ளே இருந்து வருகிற தகவல் எதுவாக இருந்தாலும் அது உண்மை என்று எடுத்துக்கொள்கிற விதமாக அதைக் கட்டினார்கள். வாசலில் காவல் உண்டு. உள்ளே வந்தவரிடம் அடையாள அட்டை கேட்பதில்லை.

பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உள்ளே வந்தன. 2014இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் இந்த முறையின் வழியாக மற்றவரின் இருப்பிடத்தை அறியவும் குறுஞ்செய்தியைத் திருப்பி எடுக்கவும் முடியும் என்று காட்டினார்கள். 2017இல் ஜேர்மனியில் சிலரின் வங்கிக் கணக்குகள் இப்படியே வெறுமையாக்கப்பட்டன. வங்கி அனுப்பிய ஓ.டி.பி. இலக்கங்கள் வழியிலேயே பிடிக்கப்பட்டன.

திரையில் தெரிகிற இலக்கம்

அழைப்பவரின் இலக்கம் திரையில் தெரிகிற வசதி 1980களின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்கு வந்தது. அந்த இலக்கத்தை அனுப்புவது அழைப்பவரின் பக்கம். ஒரு பெரிய அலுவலகத்தில் ஐந்நூறு போன்கள் இருக்கலாம். எங்கிருந்து கோல் எடுத்தாலும் அலுவலகத்தின் பொது இலக்கமே தெரிய வேண்டும் என்று அவர்கள் விரும்புவார்கள். அது நியாயமான தேவை. ஆகவே தெரிய வேண்டிய இலக்கத்தை அனுப்புகிறவரே தீர்மானிக்க இடம் கொடுக்கப்பட்டது. கடித உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி எழுதுவது மாதிரி. தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை.

2000களில் இணையவழிக் கோல் மலிவானபோது இந்த இடம் எல்லாருக்கும் திறந்தது. ஒரு மடிக்கணினி இருந்தால், உலகின் எந்த மூலையிலிருந்தும், உங்கள் வங்கியின் இலக்கத்தையே உங்கள் திரையில் காட்டலாம்.

எங்கட பக்கத்தில் இதற்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. இலங்கையில் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது. ஆனால் வடக்கில் யுத்தத்தால் பல வருடங்கள் தொலைபேசித் தொடர்பே இல்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் மொபைல் அங்கே பரவலாக வந்தது. அதுவரைக்கும் வெளிநாட்டுக் கோலுக்காகக் "கொமினிகேஷன்" கடைகளில் காத்திருந்த சனம், நேராகத் திரையில் இலக்கம் தெரிகிற போனுக்குத் தாவியது. ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குத் திரையில் தெரிகிற இலக்கம்தான் ஆள். "நம்பர் விழுந்தது, வங்கிதான்" என்று ஒரு அம்மா சொன்னால் அவர் முட்டாளில்லை. அவருக்கு விற்கப்பட்ட கருவி அப்படித்தான் அவரைப் பழக்கியது.

மனிதர் இல்லாத கோல்

1980களில் தானாகவே இலக்கங்களைச் சுழற்றி, பதிவு செய்த குரலை ஓடவிடுகிற இயந்திரங்கள் அமெரிக்காவில் பெருகின. வரிசையாக எல்லா இலக்கத்துக்கும் போகிற அந்தக் கோல்கள் வைத்தியசாலைகளுக்கும் அவசர சேவைகளுக்கும்கூடப் போயின. 1991இல் அங்கே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 2003 ஜூனில் "எனக்கு விளம்பரக் கோல் எடுக்க வேண்டாம்" என்று பதிகிற தேசியப் பட்டியல் திறந்தபோது சில நாட்களுக்குள்ளேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் பதியப்பட்டன. இந்தியாவும் 2007இல் இப்படியான பட்டியலைத் தொடங்கியது.

சட்டத்தை மதிக்கிற வியாபாரிகள் நிறுத்தினார்கள். மதிக்காதவர்கள் நிறுத்தவில்லை. 2016இல் மூன்றே மாதத்தில் 9 கோடி 60 இலட்சம் கோல்கள் எடுத்ததற்காக புளோரிடாவைச் சேர்ந்த ஏட்ரியன் அப்ரமோவிச்சுக்கு 2018இல் 12 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவருடைய உத்தி எளிமையானது. கோல் போகிற ஆளின் இலக்கத்தின் முன்பகுதியையே தன் இலக்கத்திலும் காட்டுவார். பார்க்கிறவர் "பக்கத்து வீட்டு ஆள்போல" என்று நினைத்து ஆன்சர் பண்ணுவார்.

இதற்குப் பிறகுதான் கோலுக்கு டிஜிட்டல் கையொப்பம் வைக்கிற முறை அமெரிக்காவிலும் கனடாவிலும் 2021இல் கட்டாயமானது. அழைப்பைத் தொடக்குகிற நிறுவனம் "இந்த இலக்கம் உண்மையில் இவருடையதுதான்" என்று கையொப்பமிட வேண்டும். ஆனால் பழைய வகை இணைப்பு வழியாகப் போனால் கையொப்பம் வழியிலேயே தொலைந்துவிடும். தவிர, இலக்கம் உண்மையாக இருந்தாலும் கதைக்கிறவர் உண்மையானவர் என்று ஆகாது.

மிஸ்ட் கோலும் "நான்தான்" என்ற சொல்லும்

ஜப்பானில் 2000களின் தொடக்கத்தில் இரண்டு மோசடிகள் பெயர் பெற்றன. முதலாவது "வன்கிரி". ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டுவது என்று பொருள். மிஸ்ட் கோலைப் பார்த்து நீங்கள் திரும்ப எடுத்தால் அது கட்டணம் கூடிய வெளிநாட்டு இலக்கம். நீங்கள் கட்டுகிற காசில் ஒரு பங்கு அந்த இலக்கத்தை வைத்திருப்பவருக்குப் போகும். மிஸ்ட் கோல் என்பது எங்களுக்கு ஒரு மொழி மாதிரி. "வந்து சேர்ந்திட்டன்", "கீழ நிக்கிறன், வா" எல்லாவற்றுக்கும் காசில்லாத ஒரு மணியோசை போதும். அந்தப் பழக்கத்திலேயே இந்த மோசடி கை வைக்கிறது. வெளிநாட்டில் சொந்தம் இல்லாத தமிழ் வீடு குறைவு. தெரியாத வெளிநாட்டு இலக்கத்தைக் கண்டால் எங்கட கை தானாகத் திரும்ப அடிக்கப் போகும்.

இரண்டாவது "ஒரே ஒரே" மோசடி. ஜப்பானிய மொழியில் "நான்தான், நான்தான்" என்று அர்த்தம். வயதானவருக்குக் கோல் எடுத்து, அழுகிற குரலில் "நான்தான்" என்று மட்டும் சொல்வார்கள். பாட்டியே பேரனின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவார். அதிலிருந்து அவன் பேரன். விபத்து, பொலிஸ், உடனே காசு வேணும். எங்கட வீடுகளிலும் போனை எடுத்தவுடன் "நான்தான் கதைக்கிறன்" என்பதுதானே வழக்கம். யாராவது பெயர் சொல்லியா தொடங்குகிறோம்?

இப்போது குரலே போலியாகலாம். 2024 ஜனவரியில் நியூ ஹம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு அன்றைய ஜனாதிபதி பைடனின் குரலில் ஒரு தானியங்கிக் கோல் போனது. குரலைச் செய்தது செயற்கை நுண்ணறிவு. அடுத்த மாதமே அப்படியான கோல்கள் அங்கே சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. ஒபரேற்றர் குரலை வைத்து ஆளை அறிந்த காலத்திலிருந்து இங்கே வந்து நிற்கிறோம்.

மறுமுனையில் இருப்பவர்

கோல் எடுப்பவர் எல்லாரும் விரும்பி வந்தவர்கள் என்றும் நினைக்க முடியாது. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி முகாம்களில் பலவந்தமாக வேலை செய்விக்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கூறியது. 2024இல் மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் இலங்கை இளைஞர்களும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள்.

இலங்கைக்குள்ளேயும் நடந்தது. 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்பு பகுதிகளில் இணைய நிதி மோசடிச் சந்தேகத்தில் 60 இந்தியர்கள் கைதானார்கள். ஒக்டோபரில் வெவ்வேறு இடங்களில் 200க்கும் அதிகமான சீன நாட்டவர்கள் கைதானார்கள். வேலை தேடுகிற வயதில் இருக்கிற எங்களுக்கு இந்த மோசடி இரண்டு வாசலாலும் வரும். கோல் வருகிறவராகவும் ஆக்கலாம், கோல் எடுக்க வைக்கப்படுகிறவராகவும் ஆக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, கட் பண்ணிவிட்டு நீங்களே எடுங்கள். வங்கி என்று சொன்னால், வங்கி அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்ட இலக்கத்துக்கு. மாமாவின் மகன் என்று சொன்னால், உங்களிடம் ஏற்கனவே இருக்கிற அவருடைய இலக்கத்துக்கு. உள்ளே வருகிற கோலில் பொய் சொல்லலாம். நீங்கள் தெரிந்த இலக்கத்துக்கு எடுக்கிற கோலைத் திசைதிருப்புவது மிகக் கடினம். லேண்ட்லைன் என்றால் ஒரு கவனம். பிரித்தானியாவில் கோல் எடுத்தவர் வைக்கும்வரை இணைப்பு அறுந்துவிடாத பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. மோசடிக்காரர் வைக்காமல் காத்திருந்து, டயல் சத்தத்தையும் போட்டுக் காட்டி, "வங்கி" போல மறுபடியும் கதைத்தார்கள். 2010களில்தான் அங்கே அந்த நேரத்தைச் சில செக்கன்களாகக் குறைத்தார்கள். ஆகவே முடிந்தால் வேறு போனில் எடுங்கள்.

இரண்டாவது, ஓ.டி.பி. என்பது உங்கள் கையொப்பம். யாருக்கும் சொல்லக் கூடாது, வங்கி ஆளுக்கும்கூட. வட்ஸ்அப்பில் தெரிந்த நண்பரின் கணக்கிலிருந்து "பிழையா உன்ர நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டு, அனுப்பி விடடா" என்று வந்தாலும் அனுப்ப வேண்டாம். அந்த நண்பரின் கணக்கு ஏற்கனவே பறிபோயிருக்கும். அடுத்தது உங்களுடையது.

மூன்றாவது, +94இல் தொடங்காத, தெரியாத மிஸ்ட் கோலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். உண்மையான சொந்தக்காரர் மறுபடியும் எடுப்பார், அல்லது மெசேஜ் போடுவார்.

நான்காவது, பதிவு செய்த குரல் "நிறுத்த 9ஐ அழுத்துங்கள்" என்றால் அழுத்தாதீர்கள். இந்த இலக்கத்தில் ஒரு உயிருள்ள ஆள் இருக்கிறார் என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். பேசாமல் கட் பண்ணி, புளொக் பண்ணுங்கள்.

ஐந்தாவது, வீட்டுக்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த, பேஸ்புக்கில் இல்லாத ஏதாவது. அவசரம் என்று காசு கேட்டால் முதலில் அந்தக் கேள்வி. "அவசரம்" என்ற சொல்தான் இந்த வரலாறு முழுக்க மாறாமல் வந்த ஒரே ஆயுதம். யோசிக்க நேரம் தராதவரை நம்ப வேண்டியதில்லை.

காசு போய்விட்டால் உடனே வங்கிக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு இல்லாமல் எந்தச் சட்டமும் நகராது.

முறைப்பாடு ஏன் வருவதில்லை? வெட்கம். அம்மம்மா பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார், பிள்ளைகள் அயலுக்குச் சொல்லமாட்டார்கள். அதே கோல் அடுத்த வீட்டுக்கும் போகும், அங்கேயும் அதே கதை. 1849இல் தொம்சன் பிடிபட்டது, மணிக்கூட்டைப் பறிகொடுத்த ஒருவர் அவனைத் தெருவில் மறுபடி கண்டு பொலிஸ்காரரைக் கூப்பிட்டதால்தான். அவர் வெட்கப்பட்டுப் பேசாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை மணிக்கூடுகள் போயிருக்கும்?

ஆகவே அடுத்த தடவை வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால், "இதைக்கூடவா நம்பினனீங்கள்?" என்று கேட்காதீர்கள். "என்ன சொன்னவன்? எந்த நம்பர்? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.